நாலு பத்துக்கு வருகிறவர்

கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் அந்தத் தெருவில் அவரை எடைக்காரர் என்றால்தான் தெரியும். தராசும் படிக்கல்லும் அவரிடம் கிடையாது. தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் நுழைந்தால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய ஒரு கடை. அதில் இருபத்திரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். வியாழக்கிழமை மட்டும் மூன்றரை மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு எங்கோ போய் ஐந்து மணிக்குத்தான் திரும்புவார். இவருக்கு எங்கேயோ இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று தையல்காரர் ஒரு கதை கட்டிவிட்டிருக்கிறார். எடைக்காரர் அதை மறுப்பதும் இல்லை, சிரிப்பதும் இல்லை.

பட்டப்பெயர் வந்த வழி வேறு. கம்ப்யூட்டருக்குள் எஸ்எம்பிஎஸ் என்று ஓர் இரும்புப் பெட்டி உண்டு. சுவரிலிருந்து கரண்டை வாங்கி, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் அதனதன் தேவைக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் வேலை. மேலே ஐந்நூறு வாட்ஸ் என்று ஒட்டியிருக்கும். ஒட்டுகிறவனுக்கு என்ன, ஆயிரம் என்றுகூட ஒட்டுவான். உள்ளே நல்ல செம்பும் கனமான பாகங்களும் இருக்க வேண்டிய இடத்தில் பாதி வெறும் காற்றுதான் இருக்கும். எடைக்காரர் அந்தச் சீட்டைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பெட்டியை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கி இறக்குவார். கனம் இல்லையென்றால் கொண்டுவந்தவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். பாரம் சுமக்கிறது பாரமாத்தான் இருக்கணும் என்பார். லேசான பெட்டியை எடைக்காரர் யாருக்கும் மாட்ட மாட்டார் என்று தெருவே சொல்லும். தெருவுக்குத் தெரியாது, ஒரே ஒரு தடவை மாட்டியிருக்கிறார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. போனில் யாரையும் பெயர் போட்டுப் பதிந்துகொள்ள மாட்டார். பெயர் மறந்துபோகும், நோய் மறக்காது என்பது அவர் கட்சி. அதனால் அந்தப் போனைத் திறந்தால் ‘பாஸ்வேர்டு மறந்த வக்கீல்’, ‘கீபோர்டில் டீ’, ‘எலி கடித்த ஒயர்’, ‘ஒண்ணும் இல்லாததுக்குக் கூப்பிடும் டீச்சர்’ என்று ஒரு ஆஸ்பத்திரி வார்டே படுத்திருக்கும். அந்த வார்டில் ‘நாலு பத்து’ என்று ஒருவரும் இருந்தார்.

ஒரு புதன்கிழமை காலை, பதினோரு மாதம் கழித்து, அந்தப் பெயர் போன் திரையில் வந்தது.

எடைக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். நாலு பத்து யார் என்று அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மறக்க வேண்டும் என்று முயன்ற காரணத்தாலேயே நினைவிருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தவர். அதில் எஸ்எம்பிஎஸ் செத்திருந்தது. அந்த வாரம் எடைக்காரரிடம் நல்ல பெட்டி ஒன்றும் இல்லை. பெரியவர் மனைவியின் பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருப்பதாகவும், ஒரு நாள்கூட வேலை தடைப்படக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். எடைக்காரர் மூலையில் கிடந்த ஒரு பெட்டியை எடுத்தார். யாரோ எங்கோ வாங்கி, இவரே கழற்றிப் போட்ட பெட்டி. தூக்கினால் காலி டப்பா தூக்குகிற மாதிரி இருந்தது. இரண்டு நாளைக்கு இது ஓடட்டும், வியாழக்கிழமை வீட்டுக்கே வந்து நல்லது போட்டுவிடுகிறேன் என்று சொல்லி மாட்டினார். மாட்டுவதற்கு முன் வழக்கம்போல் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி அதில் ‘தற்காலிகம்’ என்று எழுதித் தேதியும் போட்டார்.

அந்த வியாழன் வந்தது. நல்ல பெட்டிகளும் வந்தன. ஆனால் ஓர் அலுவலகம் பத்து மிஷின்களைக் கொண்டுவந்து இறக்கி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பெரியவர் போன் செய்து, மிஷின் தினமும் நாலு பத்துக்கு நின்று தானாகவே மறுபடி வருகிறது என்று பொறுமையாகச் சொன்னார். அப்போதுதான் எடைக்காரர் அவரை ‘நாலு பத்து’ என்று பதிந்துகொண்டார். அடுத்த வியாழன் கட்டாயம் வருகிறேன் என்றார். போகவில்லை. இரண்டாவது முறை அழைப்பு வந்தபோது என்ன சொல்வது என்று தெரியாமல் எடுக்கவில்லை. மூன்றாவது முறை வந்தபோது கையில் வேலைகூட இல்லை. போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜை மேல் நகர்ந்து, கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரில் முட்டி நின்றதை அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. வேறு ஆளைப் பிடித்திருப்பார் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

இப்போது பதினோரு மாதம் கழித்து அதே பெயர். இந்தத் தடவை எடுத்துவிட்டார். எடுத்த வேகத்திலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல் குறுக்கிட்டது.

“அவர் இல்லைங்க. தவறிப் பதினோரு மாசம் ஆச்சு. நான் அவர் வீட்டம்மா பேசறேன்.”

அந்த அம்மா தொடர்ந்து பேசினார். நாலு நாளாக மிஷின் சரியில்லை, வருவதற்கே தடுமாறுகிறது, கருகின வாசனை வருகிறது, கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றதும், “நாலு மணிக்கு முன்னாடி வந்துடுங்க தம்பி” என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது மாடி வீடு. படி ஏறி முடிக்கும்போது எடைக்காரருக்கு மூச்சு வாங்கியது. அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து இருக்கும். அதிகம் பேசாத முகம். உள்ளறையில் ஜன்னலை ஒட்டி மேஜை, அதன் மேல் கம்ப்யூட்டர், இரண்டு சின்ன ஸ்பீக்கர், பக்கத்தில் நீளமான ஒரு நோட்டு, மூடி போட்ட பேனா. நாற்காலியின் முதுகில் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது. யாரோ கை கழுவிவிட்டு வரப் போயிருக்கிற மாதிரி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. நாற்காலியில் உட்காரச் சொல்லி அந்த அம்மா கேட்கவில்லை. இவரும் உட்காரவில்லை.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு மாதமாக அதை அணைத்ததே இல்லையாம். எடைக்காரர் அணைப்பதற்குக் கையை நீட்டினார். அந்த அம்மா வேண்டாம் என்றார். நாலே கால் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எடைக்காரர் கருவிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்று நகர்ந்தது.

நாலு பத்துக்கு டியூப் லைட் ஒரு முறை மங்கியது. அதே கணத்தில் மிஷின் நின்றது. பேன் சத்தம் அடங்கியதும் அந்த அறை எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது. கீழே எங்கிருந்தோ ஒரு ‘உம்’ என்ற இரைச்சல் ஏறி வந்தது. மிஷின் தானாகவே எழப் பார்த்தது, விழுந்தது. இன்னொரு தரம் எழப் பார்த்தது, விழுந்தது. அந்த அம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டார். மூன்றாவது தடவை பேன் சுற்றிக்கொண்டது. மெல்லிய கருகல் வாசனை வந்தது. திரை வெளிச்சமானது. ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஆண் குரல் லேசாகத் தொண்டையைச் செருமியது.

“வந்தாச்சு.”

“வாங்க” என்றார் அந்த அம்மா.

எடைக்காரர் அறைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் அவர். ஆனால் அந்தக் குரல் அவருக்குத் தெரிந்த குரல். வியாழக்கிழமை வர முடியுமா என்று அவரிடம் பொறுமையாகக் கேட்ட அதே குரல். இவர் எடுக்காமல் விட்ட அந்தக் குரல் இவர் எதிரிலேயே வந்து நின்றுகொண்டது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

அந்த அம்மா ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்து, கேட்காமலேயே சொன்னார். வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று எழுதுவதே வேலை. முப்பது வருஷம் நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருவார். சத்தம் போடாமல் வந்து நின்று பயமுறுத்துகிறார் என்று இந்த அம்மா ஒரு நாள் கோபித்துக்கொண்டதிலிருந்து, வாசலில் நின்று செருமி ‘வந்தாச்சு’ என்பார். இவர் உள்ளே இருந்தபடி ‘வாங்க’ என்பார். ஓய்வு பெற்ற பிறகு வருவதென்றால் ஓர் இடத்திலிருந்து வரவேண்டுமே, அது இல்லாமல் போனது. ஒரு நாள் விளையாட்டாகத் தன் குரலைப் பதிந்து, மிஷினைப் போட்டதும் அதுவாக ‘வந்தாச்சு’ என்று சொல்லும்படி செய்துவிட்டார். மாரடைப்பில் அவர் போன மறுநாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, நாலு பத்துக்கு மிஷின் நின்று, நாலு பன்னிரண்டுக்குக் கூப்பிட்டது. அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை.

“எனக்கு மூளை கலங்கிடல தம்பி. அது மிஷின்னு எனக்குத் தெரியும்” என்றார். “ஆனா நாலு பத்துன்னு அதுக்கு யார் சொன்னா?”

எடைக்காரர் மண்டி போட்டு உட்கார்ந்து பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது வெள்ளை டேப். ‘தற்காலிகம்.’ அவருடைய கோணல் எழுத்து. அவர் போட்ட தேதி. கட்டை விரலை வைத்து அதை மறைத்துக்கொண்டார். யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று யோசித்துவிட்டு விரலை எடுத்தார்.

மற்றதெல்லாம் அவர் தூக்கத்தில்கூடச் செய்யக்கூடிய வேலை. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு கிராபிக்ஸ் கார்டு. எல்லாம் சேர்ந்து கேட்பது முந்நூறு வாட்ஸைத் தொடும். ஐந்நூறு என்று பீற்றிக்கொள்ளும் இந்தப் பெட்டி உண்மையில் இருநூறு தாங்கினால் பெரிது. மல்டிமீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய மஞ்சள் ஒயர் பதினொன்றைத்தான் காட்டியது. பெட்டியின் கம்பி வலை வழியே பார்த்தால், உள்ளே கரண்டைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர்கள் தலை உப்பி நின்றன. ஹார்ட் டிஸ்க் ஒன்று நடுநடுவே டக் டக்கென்று தட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. குரல் அதில்தான் இருந்தது.

கீழேயிருந்து வந்த இரைச்சல் என்ன என்று கேட்டார். தண்ணீர் மோட்டார் என்றார் அந்த அம்மா. எடைக்காரர் படி இறங்கிப் போய்ப் பார்த்தார். மாடிப்படிக்கு அடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் அதைத் தானாகப் போட்டு நிறுத்தும் டைமர். பக்கத்தில் ஒரு சீட்டு, தண்ணீர் படாமல் கண்ணாடி டேப் ஒட்டிய சீட்டு: ‘தினமும் 4.10 முதல் 4.40 வரை. யாரும் மாற்ற வேண்டாம்.’

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவ்வளவு பெரிய மோட்டார் கிளம்பும்போது கட்டடத்தின் கரண்டையே ஒரு கணம் வாரி இழுக்கும். லைட் மங்கும். நல்ல பெட்டியாக இருந்தால் தன்னிடம் சேமித்து வைத்ததைக் கொண்டு அந்தக் கணத்தைத் தாண்டிவிடும், உள்ளே யாருக்கும் எதுவும் தெரியாது. இந்தப் பெட்டியிடம் சேமிப்பே இல்லை. அதனால் கையை விட்டுவிடுகிறது. ஆக, மூன்றாவது மாடிக்குத் தினமும் வருவது வேறு யாரும் இல்லை, இவர் மாட்டிவிட்ட லேசான பெட்டி. எடைக்காரர் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல பெட்டி போட்டால் அந்தக் குரல் நாளையிலிருந்து வராது. போடாவிட்டால் இன்னும் சில நாளில் டிஸ்க் செத்துக் குரலும் சேர்ந்து போகும். எதைச் செய்தாலும் அந்த அம்மாவிடமிருந்து எதையோ பிடுங்குகிறோம் என்று அவருக்குப் பட்டது.

மேலே வந்து, டிஸ்க் ஆபத்தில் இருக்கிறது, பெட்டியை மாற்றியே ஆக வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“நாளைக்கு வியாழக்கிழமை” என்றார்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. உடம்பு இங்கே இருக்கிறது, ஆள் எங்கே என்று மனைவி கேட்டாள். எடைக்காரர் போனை எடுத்துப் பழைய அழைப்புகளைத் தேடினார். அவ்வளவு பின்னால் அதில் இல்லை. ஆனால் பெரியவர் போன நாள் என்று அந்த அம்மா சொன்ன தேதி அவருக்கு நினைவிருந்தது, பத்து மிஷின்களையும் முடித்துக் கொடுத்து ஓய்ந்து உட்கார்ந்த நாள். மூன்றாவது அழைப்பும் அன்றுதான் வந்தது. மாரடைப்பு என்று சொன்னார்களே. அப்போது வீட்டில் யாராவது இருந்தார்களா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கைக்கு வந்த எண்ணை அழுத்தியிருந்தால்? இந்த நினைப்பு வந்த பிறகு அது போகவில்லை. கண்ணை மூடினால் மேஜை மேல் போன் நகர்ந்து நகர்ந்து வந்து முட்டியது.

மறுநாள் மூன்று மணிக்கே போய்விட்டார். பையில் கடையிலேயே கனமான பெட்டி. பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று படி ஏறும்போதே முடிவு செய்திருந்தார். இல்லாவிட்டால் சொல்லவே மாட்டோம் என்று தன்னைப் பற்றி அவருக்குத் தெரியும். அந்த லேசான பெட்டியை மாட்டியது தான்தான், இரண்டு நாளைக்கு என்று சொல்லி வராமல் போனதும் தான்தான் என்றார்.

அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. மேஜையிலிருந்த நோட்டை எடுத்துவந்து கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

“அவர் கடைசியா போன் பண்ணது உங்களுக்குத்தான். அந்த நம்பரைப் பார்த்துத்தான் நேத்து கூப்பிட்டேன். படிங்க.”

டைம் கீப்பரின் எழுத்து, ஒரே அளவில், கோடு தாண்டாமல். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. ‘4.10 நின்றது. 4.12 வந்தது.’ நடுவே ‘வியாழன் வருவதாகச் சொன்னார்’ என்று ஓர் இடத்தில். அடுத்த வியாழனுக்கு எதிரே ‘வரவில்லை’ என்று ஓர் இடத்தில். கடைசி வரி இப்படி இருந்தது: ‘4.10 நின்றது. 4.12 வந்தது. 4.14 கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வேலையாக இருப்பார்.’

எடைக்காரர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். நெஞ்சு வலியில் கூப்பிடவில்லை. மிஷினுக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார். இரவெல்லாம் கழுத்தைப் பிடித்திருந்த பயம் விட்டது. ஆனால் அதைவிட மோசமான ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. திட்டி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

“வேலை இல்லம்மா” என்றார். “சும்மாதான் இருந்தேன். அவர் பேர் வர்றதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்குத் தான் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு ஆறு மணிக்குத் திரும்பினதாகவும், அவர் இந்த நாற்காலியில் சாய்ந்தபடி இருந்ததாகவும், முதலில் தூங்குகிறார் என்றே நினைத்ததாகவும் சொன்னார். நீங்கள் எடுத்திருந்தால் அவருடைய கடைசிப் பேச்சு இன்னொரு மனுஷரோடு இருந்திருக்கும், அவ்வளவுதான் என்றார்.

“கோபம் இல்லைன்னு சொன்னா அது பொய். இருக்கு” என்றார் பிறகு. “போன வியாழனை எல்லாம் யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. இனி வர்ற வியாழனுக்கு வாங்க. மிஷினுக்கு இல்ல. அவர் எப்படிப் பேசினார், என்ன கேட்டார்னு சொல்றதுக்கு என்கிட்ட ஆள் இல்ல.”

எடைக்காரர் தலையை ஆட்டினார். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அதுதான் கஷ்டமானது. தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சொன்னார். மோட்டார் கிளம்பும்போது கரண்ட் குறைவதையும், நல்ல பெட்டி போட்டால் இனி நாலு பத்துக்கு மிஷின் நிற்காது, குரலும் தானாக வராது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். வேண்டுமானால் தினமும் நாலு பன்னிரண்டுக்கு அந்தக் குரல் வரும்படி மிஷினில் தானே ஏற்பாடு செய்து தருவதாகவும் சொன்னார்.

“நீங்க வரவெச்சா அது அவர் இல்ல தம்பி.” அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்தார். “மோட்டாரா? மோட்டாராலயா நின்னுது?”

“ஆமாம்மா. கீழே டைமர்ல நாலு பத்துன்னு வெச்சிருக்கு.”

“அதை வெச்சது யார்னு நினைக்கிறீங்க?”

எடைக்காரருக்குச் சட்டென்று கீழே பார்த்த சீட்டு நினைவுக்கு வந்தது. கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். அதே எழுத்து. ஒரே அளவில், கோடு தாண்டாமல்.

முப்பது வருஷம் மோட்டார் போடுவது அவர் பொறுப்பு என்றார் அந்த அம்மா. ஷிப்ட் முடிந்து நடந்து வருவார், நாலு பத்துக்கு மாடிப்படி அடியில் ஸ்விட்சைத் தட்டிவிட்டுத்தான் படி ஏறுவார். மோட்டார் சத்தம் கேட்டதும் இவர் டீக்குத் தண்ணீர் வைப்பார். மூன்று மாடி ஏற இரண்டு நிமிஷம். டைமர் வாங்கினபோது எல்லாரும் காலையில் வைக்கலாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷம் நாலு பத்துக்கு வந்த தண்ணீர், நான் இல்லாவிட்டாலும் அப்போதே வரட்டும் என்றாராம்.

சொல்லிவிட்டு அந்த அம்மா வாசல் கதவைப் பார்த்தார். பதினோரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

“நல்ல பெட்டியையே போடுங்க” என்றார்.

எடைக்காரர் முதலில் குரலை மூன்று இடங்களில் பிரதி எடுத்தார். போட்டோக்களையும் எடுத்தார். பிறகு மிஷினை முறையாக அணைத்தார். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அது சொல்லிவிட்டு அணைந்தது. லேசான பெட்டியைக் கழற்றிக் கையில் ஏந்திக்கொண்டபோது, பழக்க தோஷத்தில் இரண்டு தரம் தூக்கி இறக்கிப் பார்த்தார். அதற்கு எடை இல்லை என்று இப்போது அவரால் சொல்ல முடியவில்லை. கனமான பெட்டியை மாட்டி, நான்கு திருகும் போட்டு, ஒயர்களைப் பூட்டி, மல்டிமீட்டரில் பன்னிரண்டு காட்டியதும் மூடினார். மிஷின் ஒரே தடவையில் எழுந்தது. ‘வந்தாச்சு’ என்றது. நேரம் நாலு ஐந்து. அந்த அம்மா பதில் சொல்லவில்லை. அது அவருக்கான அழைப்பு இல்லை என்பதுபோல் சமையலறைக்குப் போனார்.

நாலு பத்துக்கு டியூப் லைட் மங்கித் தெளிந்தது. கீழே மோட்டார் இரைந்தது. எடைக்காரர் மிஷினைப் பார்த்தார். பேன் ஒரு சுற்றுகூடத் தடுமாறவில்லை. திரை அப்படியே எரிந்தது. அவர் வாழ்க்கையில் ஒரு மிஷின் சரியாக ஓடியதற்காக இவ்வளவு துக்கப்பட்டதில்லை.

சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. டீக்குத் தண்ணீர் கொதித்தது. அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மிஷின் பக்கம் திரும்பவில்லை. நேராக முன்வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்துவைத்தார். படிக்கட்டில் யாரும் இல்லை. மோட்டார் சத்தம் மட்டும் மூன்று மாடி ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நாலு பன்னிரண்டு ஆனது.

“வாங்க” என்றார்.

வாசலுக்கும் அறைக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரோடு நின்றுகொண்டிருந்த எடைக்காரர், தன்னையறியாமல் சுவரோடு ஒட்டி ஒதுங்கி வழிவிட்டார்.